மூன்றாம் அறையின் மணி

சனிக்கிழமை, காலை 6.40

ரோசி தாழ்ப்பாளை இழுத்ததும் மூன்றாம் எண் குளிர் அறையின் கதவு தானாகவே வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே கதவில் சாய்ந்திருந்த ஒரு மனிதன் வெண்புகையோடு அவள் காலடியில் விழுந்தான். உட்கார்ந்த நிலையில் விறைத்துப் போன உடம்பு, விழுந்த பிறகும் உட்கார்ந்தபடியே இருந்தது. புருவத்திலும் மீசையிலும் பனி பூத்திருந்தது.

மெக்கானிக் மஜீது.

திருவொற்றியூர் கடலோரத்தில் இருந்த நீலமுத்து இறால் கம்பெனியில் ரோசி கூடத்துச் சூப்பர்வைசர். இறால் உரிக்கும் பெண்கள் காலை ஷிப்டுக்கு அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். அவள் போட்ட அலறலில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

ஏழரைக்கு சப்-இன்ஸ்பெக்டர் டோரதி வந்தாள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள், வயது முப்பத்தாறு. கூட வந்த ஏட்டு மாரியப்பன் கேள்விகளைத் தொடங்கப் பார்த்தார். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு நேராகக் குளிர் அறைக்குள் போனாள்.

"மாரியப்பன், கதவ மூடுங்க. நான் கத்தறது வெளிய கேக்குதானு பாருங்க."

"மேடம்..."

"மூடுங்கன்றேன்."

கதவு மூடியது. விளக்கின் ஸ்விட்ச் வெளியே இருந்ததால் உள்ளே இருட்டு. பின்சுவர் விசிறியின் இரைச்சல் மட்டும். குளிர் முதலில் பல்லுக்குள் ஏறியது, பிறகு விரல் நுனிகளுக்கு. டோரதி டார்ச்சை அடித்தாள். கதவோரத்தில் மஜீதின் டூல் பாக்ஸ் கிடந்தது. திறப்பதற்கான உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்து, கட்டை விரல் நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனையில் ரத்தமும் கொஞ்சம் தோலும் ஒட்டி உறைந்திருந்தன. கதவின் தகடு முழுக்க ஸ்பேனரால் அடித்த பள்ளங்கள். அவை முதலில் நெஞ்சு உயரத்தில் இருந்தன. பிறகு இடுப்பு உயரத்தில். கடைசியாக முழங்கால் உயரத்தில், ஆழமே இல்லாமல்.

கைப்பிடிக்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கு. அதை அழுத்தி அழுத்தி அதன் பிளாஸ்டிக் விரிசல் விட்டிருந்தது. டோரதியும் அழுத்தினாள். கத்தினாள். கதவை இரண்டு கையாலும் குத்தினாள்.

சிறிது நேரம் கழித்து மாரியப்பன் தானாகவே கதவைத் திறந்தார்.

"கத்தலயா மேடம்?"

"பொத்தான அழுத்துனேன். மணி அடிச்சுதா?"

"இல்லயே."

மேனேஜர் வெள்ளத்துரை எட்டு மணிக்கு வந்து சேர்ந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. சடலத்தைப் பார்த்ததும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"நேத்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மீஞ்சூர் போயிட்டேங்க. ராத்திரி அங்க தம்பி வீட்லதான் தங்கினேன். நான் இருந்திருந்தா சாயங்காலம் அந்த அலாரத்துல கை வைக்க எவனுக்காவது தைரியம் வந்திருக்குமா?"

"மஜீது இந்த அறைக்குள்ள எதுக்குப் போனாரு?"

"அவன் மெக்கானிக். எங்க வேணா போவான்."

கைப்பிடி உடைந்து பல வாரங்களாகிறது என்பதைக் கூடத்தில் எல்லாரும் சொன்னார்கள். பொத்தான் இருக்கிறதே என்று யாரும் அதைச் சரி செய்யவில்லை.

வாசல் கேட்டுக்கு வெளியே மஜீதின் மனைவி மண்ணில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்ரசர் மக்கர் செய்தால் அவன் இரவு தங்கிவிடுவது வழக்கம் என்பதால் அவள் தேடவில்லை. டோரதி பக்கத்தில் குந்தியதும் அவளாகவே பேசினாள்.

"திங்கக்கெழம வெசாரணைக்கு வரேன்னு பவானிக்கு வாக்கு குடுத்துருந்தாரு மேடம். இனிமே அந்தப் பொண்ணுக்கு யாரு பேசுவா?"

மூன்று மாதம் முன்பு இந்தக் கம்பெனியில் அம்மோனியா குழாயின் வால்வு பிய்த்துக்கொண்டது. உரிக்கும் மேசையில் நின்ற பவானிக்குப் பார்வை போனது. வால்வு பழுது என்று தன்னிடம் யாருமே சொல்லவில்லை என எழுதிக் கொடுத்திருந்தார் வெள்ளத்துரை. தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணை திங்கட்கிழமை.

சனிக்கிழமை, பகல் 12.00

பொத்தானிலிருந்து போன வயரை மாரியப்பன் ஏணி போட்டு முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டார். எலி கடிக்கவில்லை, யாரும் வெட்டவுமில்லை. அது ஆபீஸ் அறையின் கம்ப்யூட்டரில் போய் முடிந்தது. பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டருக்குத் தெரியும்; கம்ப்யூட்டர்தான் மணியை அடிக்கும்.

அலாரம் பொருத்திக் கொடுத்த ஆள் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தார்.

"மூணாம் ரூமை மட்டும் ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க மேடம். இந்த ஃபைலைப் பாருங்க. கடைசியா மாத்தினது நேத்து சாயங்காலம் நாலு நாப்பது."

"யாரு வேணா மாத்தலாமா?"

"முடியாது. விண்டோஸ் ஓடும்போது எங்க புரோகிராமும் ஓடிக்கிட்டே இருக்கும். அது இந்த ஃபைலைத் தொட விடாது. அதை மூட எங்க பாஸ்வேர்ட் வேணும். கம்ப்யூட்டரை அணைச்சிட்டு, விண்டோஸ் இல்லாம வேற வழியில ஏத்தினாத்தான் முடியும். அதுக்குன்னு சிடி இருக்கு. ரெஸ்க்யூ சிடிம்பாங்க."

அப்படி ஒரு சிடி கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பகலவனின் மேசை இழுப்பறையில் கிடைத்தது. அவன் வியாசர்பாடிப் பையன், இருபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை காலை முழுக்க ஹார்பர் ஆபீசில் ஏற்றுமதிப் பேப்பர்களைக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்குத் திரும்பியவன். அதற்குப் பிறகு ஆபீஸ் அறையில் அவன் மட்டும்தான். போன ஞாயிறு நடந்த கால்பந்து மேட்சில் மஜீதுதான் நடுவர். பகலவன் டீமுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தான். மைதானத்தில் நூறு பேர் பார்க்கப் பகலவன் மஜீதின் சட்டையைப் பிடித்திருந்தான்.

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்திடணும்" என்றார்.

பகலவனை ஜீப்பில் ஏற்றியபோது அவன் எதிர்க்கவில்லை. உரிக்கும் பெண்கள் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் மண்ணை வாரித் தூற்றினாள்.

டோரதி அந்தச் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டு ஏற்றச் சொன்னாள். கறுப்புத் திரையில் எழுத்துகள் ஓடின. பிறகு ஒரு கால்பந்தும் அதைச் சுற்றி ஒரு டீமின் பெயரும் வந்தன. கீழ் மூலையில் மணி காட்டியது. அவள் பழக்கத்தில் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

சனிக்கிழமை, பிற்பகல் 3.00

"சாயங்காலம் கதவ யாரு பூட்டுனது?"

"நான்தான் மேடம்" என்றாள் ரோசி. காசிமேட்டுக்காரி, திடமான உடம்பு.

"எப்ப?"

"அஞ்சு மணிக்கு."

"உள்ள ஆள் இருக்கானு பாக்கலயா?"

"எட்டிப் பாத்தேன். யாரும் இல்ல." பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "அண்ணன் உள்ள தட்டியிருந்தாலும் கேட்டிருக்காது மேடம். நாலு மணிலேர்ந்து அஞ்சர வரிக்கும் ஆபீஸ்ல அந்த பிரிண்டர் கீச்சு கீச்சுனு கத்திகினே இருந்திச்சி. பெட்டிக்கு ஒட்டற லேபிள். திங்கக்கெழம கப்பல் ஏறணும்ல. அங்கம்மா கத்தை கத்தையா கொணாந்து போட்டுகினே இருந்தாங்க."

அங்கம்மா டீ கொடுப்பவள். பகலவன் பெயரை எடுத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அந்தப் புள்ள யாருக்கும் கெடுதல் நெனைக்காதுமா. நைனா, டீ ஆறுது குடினா, அக்கா ஒரு நிமிசம்னு அது பாட்டுக்கு பொட்டிய தட்டிகினு கெடக்கும்."

"நேத்தும் அப்படித்தானா?"

"நேத்து காலைல அதும் இல்ல. பதினோரு மணி சங்கு ஊதி, கூடத்துல எல்லாருக்கும் டீ குடுத்துட்டு ஆபீஸுக்கு எடுத்துகினு போனேன். சீட்ல ஆள் இல்ல. டிவில வாத்து பொம்ம ஓடிகினு இருந்திச்சி. வெச்சா ஆறிடுமேனு திருப்பி எடுத்தாந்துட்டேன்."

மாரியப்பன் சிரித்தார். "அது டிவி இல்லக்கா, கம்ப்யூட்டரு."

"இன்னாவோ ஒண்ணு. வாத்து இருந்திச்சி."

சனிக்கிழமை, மாலை 5.30

லாக்கப்பில் பகலவன் சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். முட்டியைக் கட்டிக்கொண்டு, இருக்கிற இடத்தை முடிந்த மட்டும் குறைத்துக்கொண்டு. டோரதி கம்பிக்கு வெளியே நாற்காலியைப் போட்டாள்.

"மஜீது மேல கோவமா?"

"அன்னிக்கு இருந்திச்சி மேடம். அப்பால இல்ல. பேசலாம்னு ரெண்டு தபா ஷெட்டாண்ட போய்ட்டு, பேச வாய் வர்லனு திரும்பிட்டேன்." தலையைக் குனிந்தான். "அவர் சொன்னது பெனால்டிதான். கைல பட்டுச்சி."

"அந்த சிடி நீ செஞ்சதா?"

"ஆமா."

"எதுக்கு?"

"வைரஸ் வந்தா விண்டோஸ் படுத்துக்கும் மேடம். எழுந்துக்கவே எழுந்துக்காது. உள்ள கீற ஃபைல எப்டி எடுக்கறது? இந்த சிடிக்குள்ளயே முழு சிஸ்டம் கீது. இத போட்டு ஆன் பண்ணா ஹார்டிஸ்க்க நம்பாம கம்ப்யூட்டர் தானா ஏறிக்கும். அப்பால உள்ள பூந்து எந்த ஃபைல வேணா காப்பாத்தலாம்."

"மாத்தவும் செய்யலாம்."

"செய்யலாம்."

"கடைல வாங்கறதா?"

"இல்ல மேடம், நெட்ல சும்மா கெடைக்குது. ராயபுரத்துல தோஸ்து ஒருத்தன் பிரவுசிங் சென்டர் வெச்சிகினு கீறான். அங்க குந்தி எறக்குனேன். ஆனா அப்டியே போட்டா நம்ம ஆபீஸ் மிஷின்ல ஏறல, பழைய மிஷினு. அதுக்குத் தோதா டிரைவர் போட்டு, வேணாத கேம்லாம் தூக்கிட்டு, வைரஸ் புடிக்கற புரோகிராம உள்ள வெச்சி, நம்ம ஊரு இன்னானு சொல்லிக் குடுத்து, அப்டியே மொத்தமா சுருட்டி மறுபடி சிடில எழுதணும். ஒரு எடத்துல தப்பு வுட்டாலும் கறுப்பா நின்னுடும்." பேசப் பேச அவன் முட்டியிலிருந்து கையை எடுத்திருந்தான். கண்ணில் வெளிச்சம் வந்திருந்தது. "மொத்தம் ரெண்டு போட்டேன். மொதல்து அவ்ளோ சரியா வர்ல. ரெண்டாவது சூப்பரா வந்திச்சி. அதுலதான் நம்ம டீம் படத்த ஏத்துனேன்."

சொல்லி முடித்ததும் எதிரே கம்பி இருப்பது அவனுக்கு நினைவு வந்தது போலும். மறுபடி முட்டியைக் கட்டிக்கொண்டான்.

டோரதி எழுந்து தன் மேசைக்குப் போனாள். சாயா வந்தது. குடிக்காமல் ஒரு நினைப்பைப் பிடித்து இன்னொன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நாலு மணியிலிருந்து பிரிண்டர் நிற்கவே இல்லை. ஃபைலை மாற்ற வேண்டுமானால் கம்ப்யூட்டரை அணைக்க வேண்டும். அணைந்த கம்ப்யூட்டர் லேபிள் அடிக்குமா? அடிக்காது. ஆக, நாலு நாற்பதுக்கு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவில்லை. ஃபைலில் பதிந்திருக்கும் நேரம் பொய்.

எவ்வளவு பொய்?

பதினோரு மணி சங்கு. கூடத்தில் டீ கொடுத்து முடிக்கப் பத்து நிமிடம். பதினொன்று பத்து.

அங்கிருந்து நாலு நாற்பது வரை அவள் விரல் விட்டு எண்ணினாள். விரல் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். ஐந்தரை மணி நேரம். ராயபுரத்தில் கப்பல் வேலைக்குப் போன ஆள் இல்லாத தெரு கிடையாது. கடலில் இருக்கும் அண்ணனோடு எத்தனையோ முறை பேசியவள் அவள். லண்டன் கணக்கில் ஓடும் கப்பல் கடிகாரத்துக்கும் தன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் நடுவில் எத்தனை மணி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லாக்கப்புக்குத் திரும்பி ஓடினாள்.

"மொதல் சிடில இன்னா சரியா வர்ல?"

பகலவன் நிமிர்ந்தான். "டைமு மேடம்."

ஞாயிற்றுக்கிழமை, காலை 9.00

நீலமுத்துவின் ஆபீஸ் அறை சிறியது. அதற்குள் இன்ஸ்பெக்டர், வெள்ளத்துரை, ரோசி, அங்கம்மா, மாரியப்பன் என்று எல்லாரையும் டோரதி உட்கார வைத்தாள். கதவைச் சாத்தி அதன் முன்னால் மாரியப்பனை நிறுத்தினாள். மின்விசிறி ஓடியும் புழுக்கம் அடங்கவில்லை.

பகலவனின் வீட்டிலிருந்து பறிமுதல் செய்த கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து பக்கத்து மேசையில் வைத்திருந்தார்கள். அவன் கைவிலங்கு கழற்றப்பட்டிருந்தது.

"ஒரு சிடி செய்" என்றாள் டோரதி. "மொதல் தடவ எப்படிச் செஞ்சியோ அப்படியே. ஒரு தப்பையும் திருத்தாத."

பகலவன் ஒரு கணம் தயங்கினான். சரியாகச் செய்யத்தான் அவன் கை பழகியிருந்தது. பிறகு பழைய ஃபைல்கள் இருந்த இடத்தைத் தேடித் திறந்தான். டிரைவர்களைச் சேர்த்தான். ஊர்ப் பட்டியலில் இறங்கி இந்தியாவைத் தொட்டான். அடுத்ததாக ஒரு கேள்வி இருந்த பக்கத்தை, படிக்காமலே தாண்டினான். சிடி எழுதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிய ஆரம்பித்தது. திரையில் ஒரு பட்டை மெதுவாக நிரம்பியது.

"இது எதுக்கு மேடம் வேண்டாத வேலை?" வெள்ளத்துரை கைக்குட்டையை எடுத்தார். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது."

"எழுதி முடியற வரைக்கும் ரெண்டு கேள்வி சார். நேத்து காலைல எட்டு மணிக்கு என்கிட்ட இன்னா சொன்னீங்க? நான் இருந்திருந்தா சாயங்காலம் அலாரத்துல கை வைக்க எவனுக்காவது தைரியம் வந்திருக்குமானு."

"ஆமா. அதுல என்ன தப்பு?"

"அப்ப வயர எலி கடிச்சுதா, மணி கெட்டுப்போச்சா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. யாரோ கை வெச்சாங்கனு தெரிஞ்சதே மத்தியானம்தான். சாயங்காலம்னு தெரிஞ்சதும் மத்தியானம்தான். உங்களுக்கு மட்டும் எட்டு மணிக்கே எப்படி?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பச்சை விளக்கு அணைந்தது. சிடி வெளியே வந்தது. பகலவன் அதை எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டு, அணைத்து, மறுபடி ஏற்றினான்.

கறுப்புத் திரை. எழுத்துகள். பிறகு மேல் மூலையில், வெள்ளை வயிறும் மஞ்சள் பாதமுமாக ஒரு பென்குயின் பொம்மை வந்து உட்கார்ந்தது.

"இதாம்மா!" அங்கம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "இதான் அந்த வாத்து!"

"நல்லா பாத்துச் சொல்லுங்க. வெள்ளிக்கெழம காலைல பாத்தது இதுவா? கால்பந்து படம் இல்லயே?"

"பந்தா? பந்து இல்ல. இதேதான். இதே குண்டு வாத்து."

டோரதி இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பினாள். "பகலவன் டிராயர்ல நாம எடுத்த சிடில கால்பந்து வரும் சார். நானே போட்டுப் பாத்தேன். பென்குயின் வர்றது மொதல் சிடில மட்டும்தான். வெள்ளிக்கெழம காலைல அந்த மொதல் சிடி இந்தக் கம்ப்யூட்டர்ல ஓடியிருக்கு. அப்ப பகலவன் ஹார்பர்ல. இப்ப மூலைல மணியப் பாருங்க."

எல்லாரும் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஐம்பது. திரையில் மூன்று இருபது.

"பகலவா, புதுசா ஒரு ஃபைல் எழுது. எழுதிட்டு சிடிய எடுத்துட்டு விண்டோஸ்ல ஏத்து."

அவன் அப்படியே செய்தான். விண்டோஸ் எழுந்தது. கீழே மணி சரியாகக் காட்டியது. ஆனால் புதிய ஃபைலின் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு எழுதப்பட்டது என்று இருந்தது.

"மூணு இருபது" என்றார் இன்ஸ்பெக்டர். "அது இன்னும் வரவே இல்லையே."

"இந்தப் பெட்டிக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது சார். அதுல நம்ம ஊர் நேரம். இந்த சிடி அத லண்டன் நேரம்னு நெனச்சுக்கும். இந்தியாவுல இருக்கோம்னும் அதுக்குச் சொல்லிக் குடுத்தாச்சு. அதனால மேல அஞ்சரை மணி நேரத்த அதுவா கூட்டிக்கும். இந்தத் தப்பத்தான் பகலவன் ரெண்டாவது சிடில திருத்தினான். மூணாம் ரூம் அலாரத்த அணைச்சது வெள்ளிக்கெழம காலை பதினொன்னு பத்துக்கு. ஃபைல்ல விழுந்தது நாலு நாப்பது. நெஜமான நாலு நாப்பதுக்கு இங்க லேபிள் அடிச்சிகினு இருந்தாங்க, ரோசியே சொல்லிச்சு. பிரிண்டர் ஒரு நிமிசம் நிக்கல. இந்தக் கம்ப்யூட்டர் அணையவே இல்ல."

டோரதி பகலவனிடம் திரும்பினாள்.

"அந்த மொதல் சிடி யார்கிட்ட இருக்கு?"

பகலவன் வெள்ளத்துரையைப் பார்க்காமல் சொன்னான். "மேனேஜர் சார் கேட்டாரு மேடம். வூட்ல பையனோட கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சினு. டைம் தப்பா காட்டும் சார், மத்ததுலாம் ஓகேனு சொல்லித்தான் குடுத்தேன்."

"பொய்!" வெள்ளத்துரை எழுந்தார். கதவை நோக்கி இரண்டு அடி வைத்தவர் மாரியப்பன் அங்கே நிற்பதைக் கண்டு நின்றார். "லாக்கப்ல இருந்து தப்பிக்க அவன் எதை வேணா சொல்லுவான். யாரு சாட்சி? நான் மீஞ்சூர்ல இருந்தேன்!"

"இருந்தீங்க. அதுக்குத்தான் அந்த சிடி." டோரதி குரலை உயர்த்தவில்லை. பிறகு ரோசிக்கு எதிரே போய்க் குந்தினாள். "ரோசி. வெள்ளிக்கெழம அஞ்சு மணிக்கு நீ உள்ள எட்டிப் பாக்கல. இல்ல?"

ரோசி தரையைப் பார்த்தாள்.

"பாத்திருந்தா மஜீதோட டூல் பாக்ஸ் கதவாண்டயே இருந்திருக்கும். கண்ணுல படாம இருக்காது."

"பாக்கல மேடம்." அது அழுகையாகவே வந்தது. "நான்தான் அண்ணன கொன்னுட்டேன். நாலர மணிக்கு அவரு மூணாம் ரூமுக்குப் போறத பாத்தேன். இன்னாண்ணே இந்த நேரத்துலனு கேட்டேன். பின்னால ஃபேன் சத்தம் போடுதாம், பூட்டறதுக்குள்ள பாத்து வைனு மேனேஜர் சொல்லிட்டுப் போனாருனாரு. அஞ்சு மணிக்குப் பூட்டப் போறப்ப கூடத்துல ஃபோன் அடிச்சிச்சி. சார்தான். ரூமைப் பூட்டிட்டியானாரு. மஜீது அண்ணன் உள்ள இருந்தாரேனேன். அவன் அப்பவே கெளம்பிட்டான், சும்மா கதவத் தொறந்து கூலிங்க வெளிய வுடாத, பூட்டுனாரு. நான் தாழ்ப்பாளப் போட்டேன். இந்தக் கையாலதான் போட்டேன்."

"நேத்து ஏன் சொல்லல?"

"சொன்னா நான்தானே மாட்டுவேன்? பூட்டுனது நான்தானே? ரெண்டு நாளா அந்தக் கதவுக்கு உள்பக்கம் நான் நிக்கற மாதிரியே கீது மேடம்."

டோரதி அவள் தோளில் கை வைத்துவிட்டு எழுந்தாள்.

"மீஞ்சூர்ல இருந்த உங்களுக்கு, மஜீது கெளம்பிட்டாருனு எப்படித் தெரிஞ்சுது சார்?"

வெள்ளத்துரை கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"அவருக்கு அந்த ரூம்ல வேலை வெச்சது நீங்க. காலைல அலாரத்த அணைச்சது நீங்க. அங்கம்மா டீயோட வர்ற சத்தம் கேட்டு உங்க ரூமுக்கு நழுவினதும் நீங்களாத்தான் இருக்கணும். பூட்டச் சொன்னது நீங்க. நாளைக்கு விசாரணைல மஜீது வாயத் தொறந்திருந்தா, வால்வ மாத்துங்கனு உங்ககிட்ட முன்னாடியே சொன்னது வெளிய வந்திருக்கும். மீஞ்சூர்லேர்ந்து வந்த ஃபோன் எந்த நம்பர்னு எக்ஸ்சேஞ்சுல இப்பவே கேக்கறேன். மத்தியானத்துக்குள்ள வந்துடும்."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்து மடித்துப் பார்த்தார்.

"கம்பெனியை மூடியிருப்பாங்க" என்றார் மெதுவாக. "இத்தனை பொம்பளைங்களும் தெருவுல நின்னிருப்பாங்க. ஒரு வால்வு. அதைப் போய் எல்லாருக்கும் சொல்லணும்னு நின்னான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"பவானிக்குக் கண்ணு போனப்ப இந்தக் கவலை எங்க சார் போச்சு?" என்றாள் அங்கம்மா.

மாரியப்பன் கதவைத் திறந்தார். வெள்ளத்துரையைக் கூடத்தின் வழியாக நடத்திக்கொண்டு போனார்கள். ஞாயிறு என்றாலும் செய்தி கேட்டு உரிக்கும் பெண்கள் பலர் வந்திருந்தார்கள். யாரும் திட்டவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக விலகி வழி விட்டார்கள்.

பகலவன் இன்னும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான்.

"நீ போலாம்பா" என்றாள் டோரதி.

"மேடம், ஒரு நிமிசம்." அவன் அலாரம் ஆளைக் கூப்பிடச் சொன்னான். அந்த ஆள் வந்து பாஸ்வேர்டைப் போட்டதும், மூன்றாம் அறையைத் திரும்ப ஆன் செய்தார்கள். பகலவன் நடந்து போய், குளிர் அறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பொத்தானை அழுத்தினான். மணி கம்பெனி முழுக்க அலறியது. அப்போதுதான் அவன் அழ ஆரம்பித்தான்.

திங்கட்கிழமை, காலை 10.30

விசாரணை நடந்த அறை மாடியில் இருந்தது. படியேற முடியாத பவானியை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவள் கன்னத்தில் அம்மோனியா சுட்ட வடு. கம்பெனி வக்கீல் எழுந்து, வால்வு பழுது குறித்து நிர்வாகத்துக்கு முன்கூட்டியே தெரியும் என்பதற்குச் சாட்சி யாரும் இல்லை, குறிப்பிட்டிருந்த ஒரே சாட்சியும் துரதிர்ஷ்டவசமாக உயிரோடு இல்லை என்றார்.

ஆய்வாளர் பேனாவை மூடப் போனார்.

பின்வரிசையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ரோசி நின்றிருந்தாள். முன்னிருந்த பெஞ்சின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வால்வு பிச்சிக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மஜீது அண்ணன் மேனேஜர் ரூமுக்கு வந்து சொன்னாரு சார். அப்ப நான் உள்ளதான் நின்னுகினு இருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன்."

"இத்தனை நாள் ஏன் சொல்லலம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"பயம் சார்."

பவானி குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பினாள். ஆய்வாளர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"முன்னால வாங்கம்மா. உங்க பேரு?"